செய்தியில் ஏறும் விலை



பணவீக்கம் இன்றைய விலையை மட்டும் பொறுத்ததல்ல. நாளைய விலையைப் பற்றி நாம் நினைப்பதையும் பொறுத்தது. இரயில்வேயில் பொறியாளனாக இருந்த எனக்கு ஓர் உதாரணம் தோன்றுகிறது. தீபாவளிக்கு இடம் கிடைக்காது என்ற பேச்சு கிளம்பினால், பயணம் உறுதியாகாதவரும் முன்பதிவு செய்வார். காத்திருப்போர் பட்டியல் நீளும். விலைவாசியும் அப்படித்தான்.

பாடம் நம் அருகிலேயே இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிச் சந்தையில், 2023 ஜூலை இறுதியில் முதல்தரத் தக்காளி கிலோ ஏறத்தாழ 200 ரூபாயைத் தொட்டது. தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் அந்த உச்ச விலையையே திரும்பத் திரும்பக் காட்டின. திருப்பதியில் நான் கேட்ட பேச்செல்லாம் "எல்லாமே ஏறிவிட்டது" என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். அப்போதைய நுகர்வோர் விலைக் குறியீட்டில், குடும்பச் செலவு 100 ரூபாய் என்றால் தக்காளியின் பங்கு சுமார் 57 காசு. விலை மூன்று மடங்கானால் கூடுதல் செலவு ஒரு ரூபாய்ச் சொச்சம். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் அந்த ஜூலையில் 7.44 சதவீதம்; செப்டம்பரில் 5.02. உயர்வு உண்மைதான், ஆனால் தக்காளி ஏறிய அளவுக்கு மற்றவை ஏறவில்லை.

அதே ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. புழுங்கலரிசி அந்தத் தடையில் இல்லை. ஆயினும் "அரிசிக்குத் தடை" என்றே செய்தி பரவியது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் காட்சிகள் சமூக வலைத்தளங்களில் வந்தன. சில கடைகள் ஆளுக்கு ஒரு மூட்டை என்று வரம்பு வைத்தன. கப்பலில் வரும் சரக்கு குறையும் முன்பே கடையில் குறைந்தது. அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது.

அதிக இழப்பு விவசாயிக்கு. உச்ச விலையை நம்பிப் பலரும் ஒரே சமயத்தில் நாற்று நட்டால், அறுவடையும் ஒன்றாகவே சந்தைக்கு வரும். 2023 செப்டம்பரில் ஆந்திரச் சந்தைகள் சிலவற்றில் தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போனது.

ஆகவே விலைச் செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தரம், எந்தத் தேதி? சென்ற ஆண்டு இதே மாதத்தில் என்ன விலை? நம் செலவில் அதன் பங்கு எவ்வளவு? வாடகையை உயர்த்துமுன், வைப்புத்தொகையை உடைத்துத் தங்கம் வாங்குமுன், வீட்டு மளிகைக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.