பில்லில் வராத பட்டறைகள்

கேள்வி: திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் எத்தனை என்று எப்படிக் கணக்கெடுப்பது?

பதில்: ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு) எண் வாங்கியவர்களை எண்ணிப் பயனில்லை. எண்ணை வாங்கிவைத்துவிட்டு ஒரு பெட்டிகூட அனுப்பாதவர்களும் அதில் உண்டு. நம்பத்தக்கது, சுங்கத்துறையில் தாக்கலாகும் ஷிப்பிங் பில்தான். ஏற்றுமதியாளரின் ஐ.இ.சி. எண், சரக்கு சேரும் நாடு இரண்டும் அதில் இருக்கும். 2020 பிப்ரவரி முதல் சரக்கு உருவான மாவட்டத்தையும் குறிப்பிட வேண்டும். ஓராண்டு பில்களில் திருப்பூர்–அமெரிக்கா என்றிருப்பவற்றைப் பிரித்து, ஒரே எண் திரும்ப வந்தால் தள்ளிவிட்டு எண்ணலாம்.

அப்படியும் முழுக்கணக்கு வராது. தூத்துக்குடியில் கப்பலேறும் டி-சர்ட்டுக்கு நிட்டிங், சாயம், பிரின்டிங், காஜா பட்டன் என ஜாப் ஒர்க் செய்த பட்டறைகள் அந்த பில்லில் இல்லையே! வெளியூர் வியாபாரி வாங்கி அனுப்பினால், தைத்த கம்பெனியே பெரும்பாலும் விடுபட்டுப்போகும். கிடைக்கும் எண்ணிக்கையைக் குறைந்தபட்சக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.