பூட்டிய கோப்பு எப்படிக் காணாமல் போயிற்று?

ஒரு நாள் மாலை, மீன்சுருட்டியில் என் வீட்டிற்கு மேல்நிலை முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. அவளும் தோழியர் மூவரும் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த பொன்னேரியின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து வந்தவர்கள். பதினாறு வார அளவுகளைப் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தின் பொதுக் கோப்புறையில் சேமித்திருந்தார்கள். அந்தக் கோப்பைக் காணோம்!

"சார், அதை 'வாசிக்க மட்டும்' என்று பூட்டித்தான் வைத்தேன். ஓர் எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. பிறகு எப்படி சார் அழிந்தது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி அல்லவா? விடை காண்போம்.

பல கணிப்பொறிகளுக்கும் பொதுவாகக் கோப்புகளைக் காத்து, கேட்கும்போது எடுத்துத் தரும் கணிப்பொறியைக் கோப்புச் சேவையகம் என்கிறோம். அந்தக் கூடத்தின் கணிப்பொறிகள் அனைத்திலும் இயங்கியது லினக்ஸ். இதன் அனுமதி முறை, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸிலிருந்து வந்தது.

இம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூவகை மனிதர் உண்டு: உரிமையாளர், அவரது குழு, மற்றவர். ஒவ்வொருவருக்கும் மூன்று அனுமதிகள்: வாசித்தல் (மதிப்பு 4), எழுதுதல் (2), இயக்குதல் (1). இவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம் கிடைக்கும். 640 என்றால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம் (4+2). குழுவினர் வாசிக்க மட்டும் செய்யலாம். மற்றவருக்கு ஒன்றும் இல்லை. மாணவி தன் கோப்புக்கு வைத்தது 444. யாவரும் வாசிக்கலாம், யாரும் எழுதக் கூடாது. பூட்டு சரிதான்!

ஆனால் கோப்புறைக்கு என்ன அனுமதி என்று கேட்டேன். "777, சார். எல்லாருக்கும் பொதுவாயிற்றே!" என்றாள்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கோப்புறை என்பது உண்மையில் பெட்டியன்று. அது ஒரு பதிவேடு. கோப்புகளின் பெயர்களும், ஒவ்வொன்றும் எது என்று காட்டும் எண்ணும் மட்டுமே அதில் உள்ளன. ஆகவே கோப்புறையைப் பொறுத்தவரை 'வாசித்தல்' என்பது பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது. 'இயக்குதல்' என்பது அதனுள் நுழைந்து செல்வது. நுழையும் அனுமதியும் உடன் இருந்தால், 'எழுதுதல்' என்பது பெயர்களைச் சேர்ப்பதும் அடிப்பதும்!

ஒரு கோப்பை அழிப்பது என்றால் பதிவேட்டில் அதன் பெயரை அடிப்பதுதான். அதற்குக் கோப்பைத் தொடவே வேண்டியதில்லை. வகுப்பில் நீங்கள் ஒழுங்காக அமர்ந்திருந்தாலும், வருகைப் பதிவேடு கையில் உள்ளவர் உங்கள் பெயரை அடித்துவிட முடியும் அல்லவா? அதே கதைதான். வேறெங்கும் பெயர் இல்லாத கோப்பின் இடத்தை, அது பயன்பாட்டில் இல்லாதபோது, கணிப்பொறி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பழைய கோப்புகளைத் துப்புரவு செய்த யாரோ ஒரு மாணவர், வேண்டாதது என்றெண்ணி அந்தப் பெயரையும் அடித்துவிட்டார். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. கோப்புறைக்கு 1770 என்று அனுமதி தர வேண்டும். 770 என்பதால் ஆசிரியரும் வகுப்புக் குழுவும் பயன்படுத்தலாம். மற்றவர் நுழைய முடியாது. முன்னால் உள்ள 1 'ஒட்டும் குறி' எனப்படும். அது இருந்தால் ஒரு கோப்பின் பெயரை அதன் உரிமையாளரோ, கோப்புறையின் உரிமையாளரோ, கணிப்பொறி நிர்வாகியோ மட்டுமே அடிக்கலாம். அனைவரும் சேர்க்கலாம், அவரவருடையதை அவரவரே நீக்கலாம்.

விண்டோஸ் சேவையகத்தில் விதிகள் வேறு. அங்கே வலையமைப்பின் வழியாக வருபவர் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும்: பகிர்வு அனுமதி, கோப்பு அனுமதி. கோயிலின் வெளிவாயில் எல்லாருக்கும் திறந்திருந்தாலும், கருவறைக்குள் குருக்கள் மட்டும்தானே செல்கிறார்? அதுபோல, இரண்டில் எது குறுகியதோ அதுவே செல்லும்.

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் பகிர்ந்த ஒரு கணிப்பொறியில் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போயின. அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் ஒவ்வொருவர் முன்னும் அச்சாகி வந்தன! அதுவும் தவறுதலே. 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் தம் கட்டுரையில் ஒரு நெறியை வற்புறுத்தினர்: ஒருவரின் வேலைக்கு எவ்வளவு அனுமதி தேவையோ, அவ்வளவே தருக. இது அவநம்பிக்கையன்று. கைதவறினாலும் சேதம் சிறிதாக இருக்க வேண்டும் என்னும் முன்யோசனை.

உங்கள் ஆசிரியரின் துணையுடன் லினக்ஸ் கணிப்பொறியில் இரு பயனர் பெயர்களை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். வெற்றுக் கோப்பையே பயன்படுத்துங்கள்! முதலில் 777, பிறகு 1777. வேறுபாடு விளங்கிவிடும். எந்த அனுமதியும் நகலுக்கு ஈடாகாது என்பதையும் மறவாதீர்கள்.

அந்த மாணவியின் அளவுகள்? ஏரிக்கரையில் பென்சிலால் குறித்த நோட்டிலிருந்து பதினொரு வாரங்கள் மீண்டன. மற்ற ஐந்தும் நேராகக் கணிப்பொறியில் ஏற்றியவை, போனது போனதுதான். வற்றிவிட்ட நீரை மறுபடி அளக்க முடியுமா? அந்த ஐந்து கட்டங்களையும் ஊகித்து நிரப்பாமல், வெறுமையாகவே விட்டு அட்டவணையை ஒப்படைத்தாள். அதற்காக அவளைப் பாராட்டினேன்.