பைன் பொந்துக்குக் காவல்

அன்புத் தங்கைக்கு,

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைக்காட்டில் பைன் மலர் ஈயைக் காக்கும் வேலையில் சேர்ந்துவிட்ட செய்தி கிடைத்தது. உன் கடிதத்தில் பாதி அந்த ஈயின் அழகுதான்: கறுத்த உடல், வால்பக்கம் தணல் போன்ற சிவப்பு. அந்த ஆசை உனக்கு இருக்கட்டும். ஆனால் ஈயைப் பார்க்கும் நாள்கள் கொஞ்சம்தான். ஆண்டில் பெரும்பகுதி உன் கண்முன் இருக்கப்போவது இற்றுப்போன மரமும் அதில் தேங்கிய தண்ணீரும். அந்தச் சேற்றின் மேல் உனக்கு ஆசை வர வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதிர்ந்த ஸ்காட்ஸ் பைன் மரத்தின் வைரத்தை ஒரு பூஞ்சை உள்ளிருந்தே தின்கிறது. அந்த மரம் காற்றில் முறிந்தாலும் வெட்டுப்பட்டாலும், அடிக்கட்டையின் நடு மெத்தென்று இற்றுக் குழியாகிறது, மழைநீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் பெருகும் நுண்ணுயிரிகளைத் தின்று இந்த ஈயின் புழு வளர்கிறது. ஒரு குளிர்காலத்தைத் தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறது, சில சமயம் இரண்டு குளிர்காலங்களை. நடுவில் குழி வற்றினால் அந்தத் தலைமுறை போச்சு. பருத்த, கிழட்டு, நோய்ப்பட்ட மரம் இல்லாத காட்டில் இந்தக் குழி எப்படி வரும்? ஹைலேண்ட்ஸில் பழங்காட்டை நூற்றாண்டுக் கணக்கில் வெட்டினார்கள். பின்னால் நட்ட மரங்களை முதுமை எட்டுமுன்பே அறுத்து விற்றார்கள். கடைசியில் பிரிட்டனில் இந்த ஈ ஒட்டிக்கொண்டிருந்தது ஸ்ட்ராத்ஸ்பே பகுதியின் ஒரு சிறு காட்டில் மட்டும். நம் ஈயை அழித்தது விஷமல்ல, சுத்தம். நோய்ப்பட்ட மரத்தையும் செத்த கட்டையையும் காட்டில் விட்டுவைப்பது சோம்பேறித்தனம் என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஆறாத வருத்தம்.

ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்கில் நடக்கும் வளர்ப்பைப் பார்த்திருப்பாய். ஜாம் பாட்டிலில் பைன் சிராய், மேலே தண்ணீர், அதற்குள் புழுக்கள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்: தண்ணீர் கஷாயம் போலக் கருத்திருக்கும், புழு தன் மூச்சுக்குழலை மேல்மட்டத்துக்கு நீட்டியிருக்கும். அந்தக் கலங்கலைத் துப்புரவாக்கக் கை பரபரக்கும். விட்டுவிடு, அதுதான் அதன் சாப்பாடு. ஒரே பாட்டிலில் நெருக்கிப் போடாதே. போட்டியில் வளர்ந்த புழு சிறுத்த ஈயாகத்தான் வெளிவரும். எந்தப் பாட்டில் எந்தத் தாயின் முட்டை என்ற குறிப்பை அன்றன்றே எழுது. ஸ்காட்லாந்துக் கூட்டத்தில் மரபு வேறுபாடு குறைந்துவிட்டதை எல்லி ராதரேயும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். ஒரு சீட்டு மாறினால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே இணைசேர்த்துவிடுவாய். முன்னோர் சேர்த்துவைத்ததில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்; அதையும் கைநழுவ விடலாமா?

ஈயைத் தேடி அலைவதைவிடப் புழுவைத் தேடு. இதே பைன் பொந்துகளில் வளரும் இன்னொரு மலர் ஈ கல்லிசெரா ரூஃபா. பறக்கும் ஈயைத் தேடிய காலத்தில் அதை மிக அரிது என்றார்கள். கிரஹாம் ராதரேயும் இயன் மக்கோவனும் பொந்துகளில் புழுவைத் தேடத் தொடங்கியபின் அது பல இடங்களில் அகப்பட்டது. நம் ஈ அப்படித் தேடியும் அரிதாகவே நின்றது. ஆகவே இதன் அருமை உண்மையானது. தேடும்போது பொறுமை வேண்டும். பொந்துக்குள் கை விட்டுக் கலக்கினால் அதன் வீட்டையே குலைக்கிறாய். அள்ளிய சிராயையும் தண்ணீரையும் அதே குழியில் திரும்ப ஊற்று, கட்டைக்கு மூடி இருந்தால் திரும்ப வை, அந்தக் கட்டையை அந்தப் பருவத்தில் மறுபடி தொடாதே.

ஆயிரக்கணக்கான புழுக்களை வளர்த்துக் காட்டில் விட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு 2022இல் அபெர்நெத்தி காட்டில் முழு வளர்ச்சி பெற்ற ஈ பறப்பதைக் கண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா! அப்படியும் கணக்கை விட்ட புழுக்களின் எண்ணிக்கையில் வைக்காதே. யாரும் புழு கொண்டுபோய் விடாத கட்டையில் முட்டை விழுந்திருக்கிறதா என்று பார். ரம்பத்தால் குழி வெட்டி, சிராய் நிரப்பி, நீர் ஊற்றி நாம் செய்துவைக்கும் பொந்துகள் இடைக்கால ஏற்பாடு. அவற்றுக்குள்ளும் சிராய் சில ஆண்டில் மக்கித் தீரும், மறுபடி நிரப்ப ஆள் வேண்டும். காடு தானே குழி தர வேண்டுமானால் மரங்கள் கிழடாக வேண்டும், அதற்கு உன் ஆயுளும் போதாது.

அதுவரை, வெட்டுப்படும் இற்ற மரங்களின் கட்டைகளாவது மிஞ்ச, மரம் வெட்டுபவர்களோடு பழகு. இந்த வேலையில் அவர்களுக்குப் பாதிப் பங்கு. எந்த மரம் உள்ளே இற்றிருக்கிறது என்பதை ரம்பம் பாயும் ஓசையிலேயே சொல்லிவிடுவார்கள். வெட்டும் பருவத்துக்கு முன்பே போய், ஒரு புழுவைக் கையில் வைத்துக் காட்டு. அப்படிப்பட்ட கட்டைகளைத் தோண்டி எடுக்காமல் விடச் சொல்லிக் கேள். எந்தக் கட்டைகள் நின்றன என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்