மயில்துத்தமும் போர்டோக் கலவையும்

செம்பும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் நீல உப்பே மயில்துத்தம். இதனைத் தாமிர சல்பேட் என்றும் கூறுவர். பயிரைக் காக்கும் ஆற்றலும் கருக்கும் ஆற்றலும் இதற்கு ஒருங்கே உண்டு. ஆகவே, இதன் பண்புகளை அறிந்தே கையாளுதல் வேண்டும்.

பண்புகள்

படிகத்தினுள் அடங்கிய நீரே இதற்கு நீல நிறம் தருகிறது. நன்கு சூடேற்றினால் நீர் நீங்கி வெண்பொடியாகும். நீர் பட்டதும் மீண்டும் நீலமாகும். இதன் கரைசலில் இரும்பை இட்டால் இரும்பு அரிக்கப்பட்டு, அதன்மீது செம்பு படியும். எனவே, மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும்.

கலவை பிறந்த வரலாறு

பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் தெளித்து வந்தனர். அக்கொடிகள் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியதை 1882ஆம் ஆண்டில் பேராசிரியர் மில்லார்டே கண்டார். ஆராய்ந்து 1885இல் கலவை முறையை வெளியிட்டார்.

செய்முறை

ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் தேவை. துத்தத்தைத் துணியில் முடிந்து 50 லிட்டர் நீரில் தொங்கவிட்டுக் கரைக்கவும். மற்றொரு பாத்திரத்தில் சுண்ணாம்பை நீற்றி, எஞ்சிய நீரில் கரைத்து வடிகட்டவும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும், மாற்றி ஊற்றலாகாது. கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

கத்திச் சோதனை

தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுக்கவும். செந்நிறம் படிந்தால், சுண்ணாம்பில் கட்டுப்படாத செம்பு மிஞ்சியுள்ளது என்று பொருள். அதனைத் தெளித்தால் இலை கருகும். மேலும் சுண்ணாம்புப் பால் சேர்த்து, கத்தியில் செம்பு படியாத வரை சோதிக்க வேண்டும். நெடுநாள் காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு வலுவிழந்திருக்கும். புதிதாகச் சுட்டதையே வாங்குவோமாக.

பயனும் எச்சரிக்கையும்

திராட்சையின் அடிச்சாம்பல், உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல், எலுமிச்சையின் சொறி ஆகியவற்றை இது தடுக்கும். இலைமேல் படிந்து நோய் நுழையாமல் காக்குமேயன்றி, நுழைந்த நோயை நீக்காது. ஆகையால், நோய் தோன்றுமுன் தெளித்தலே பயன் தரும். பயிருக்கேற்ற அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிதல் நலம்.

துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும். செம்பு மண்ணில் மக்கி அழியாது, ஆண்டுதோறும் சேரும். ஆதலால், அளவை மீறலாகாது. மருந்து தெளித்த தோட்டத்தில் ஆடுகளை மேயவிடக்கூடாது. செம்பின் நஞ்சைச் செம்மறி ஆடு சிறிதும் தாங்காது. மீன்களுக்கும் இது கேடு விளைக்கும். தெளிப்பானை ஊர்க் குளத்தில் கழுவுவதை ஊராட்சி உறுப்பினர்கள் தடுத்தல் வேண்டும். ஒருவர் பயிரைக் காக்கும் மருந்து, ஊரார் நீரைக் கெடுக்காதிருக்கட்டும்.