150 பாகைக்கு முக்கோணம் எங்கே?

கேள்வி: ஐயா, சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது என்று பத்தாம் வகுப்பில் படித்தேன். பதினோராம் வகுப்புக்கு வந்ததும் சைன் 150°, காஸ் 240°, டேன் −1230° என்றெல்லாம் கணக்கு வருகிறது. செங்கோண முக்கோணத்துக்குள் 150 பாகை எப்படி அடங்கும்? பக்கத்தின் நீளம் எப்படி மைனஸ் ஆகும்? 90 கூட்டல், 180 கழித்தல், 270 கூட்டல் என்று ஒரு பெரிய அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பரீட்சையில் குழம்பிப்போகிறேன். வேறு வழி இல்லையா?

– பதினோராம் வகுப்பு மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: உன் சந்தேகம் நியாயமானது அம்மா. செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணம் 90 பாகை; மீதி இரண்டும் சேர்ந்தே 90தான். அதற்குள் 150 பாகைக்கு இடமே இல்லை. முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அதை விட்டுவிட்டு வட்டத்துக்கு வா.

ஜாமெட்ரி பாக்ஸை எடு. கிராஃப் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதன் வழியாகக் கிடையாக ஒரு கோடும் நிலைக்குத்தாக ஒரு கோடும் போடு. காம்பஸில் 5 செ.மீ. எடுத்து ஒரு வட்டம் வரை. வலப்பக்கக் கிடைக்கோடுதான் தொடக்கம். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 150 பாகையைக் கோணமானியால் அளந்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளி குறி. அந்தப் புள்ளி கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கட்டங்களை எண்ணிப் பார். சரியாக 2.5 செ.மீ. ஆரம் 5. வகுத்தால் 1/2. அதுதான் சைன் 150°. இனி, நடுவில் உள்ள நிலைக்குத்துக் கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார். 4.3 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக, இடப்பக்கம். 5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.866. இடப்பக்கம் என்பதால் முன்னால் மைனஸ். காஸ் 150° என்பது −√3/2.

நீளம் மைனஸ் ஆகவில்லை என்பதைக் கவனித்தாயா? நீளம் 4.3 செ.மீ.தான். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத்தான் மைனஸ். ஆரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் சைன் என்பது உயரம், காஸ் என்பது பக்கவாட்டுத் தூரம், டேன் என்பது உயரத்தைப் பக்கவாட்டுத் தூரத்தால் வகுத்தது. கோணம் எதுவானாலும் இந்த மூன்று விளக்கங்களும் மாறாது. நீ பத்தாம் வகுப்பில் பார்த்த முக்கோணம், இந்த வட்டத்தின் வலது மேல் கால்பகுதியில் ஆரம் கர்ணமாக நிற்கும்போது தெரிகிற படம்.

இதைப் புதிய விளக்கம் என்று நினைத்துவிடாதே. சைன் பிறந்ததே வட்டத்தில்தான். கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் அரைநாண்களின் அட்டவணை இருக்கிறது. வட்டத்தின் ஒரு துண்டு வில்; அதன் இரு முனைகளையும் இணைப்பது நாண். இன்றும் நம் கணிதப் பாடநூலில் அதே சொல்தானே? அந்த நாணின் பாதியைத்தான் ஆரியபடர் கணக்கிட்டார். ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு, 3¾ பாகைக்கு ஒன்றாக 24 அரைநாண்கள். எட்டாவது 30 பாகைக்கு உரியது. அதன் அளவு 1719, 3438இல் சரிபாதி. நாணைக் குறித்த வடமொழிச் சொல் அரபு வழியாக லத்தீனுக்குப் போய்த்தான் சைன் ஆனது.

24 அரைநாண்களும் 90 பாகையோடு முடிந்துவிடுகின்றன. நம் கல்லூரிகளில் புரட்டும் கிளார்க்ஸ் டேபிள் என்ற கணித அட்டவணை நூலிலும் சைன் பக்கங்கள் 0 முதல் 90 வரைதான். மிச்சத்தை யாரும் மறந்துவிடவில்லை. வட்டத்தின் நான்கு கால்பகுதிகளும் ஒன்றையொன்று கண்ணாடி பார்த்ததுபோல் இருப்பதால் ஒரு கால்பகுதி தெரிந்தால் போதும்.

7ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் மகாபாஸ்கரீயத்தில் அட்டவணையே இல்லாமல் சைன் காண ஒரு வழி சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கோணத்தை, 180லிருந்து அந்தக் கோணத்தைக் கழித்து வருவதோடு பெருக்கு. பெருக்கல்பலனின் நான்கு மடங்கை, 40500லிருந்து அதே பெருக்கல்பலனைக் கழித்து வருவதால் வகு. 150 பாகைக்குப் போட்டுப் பார்: 150 × 30 = 4500. நான்கு மடங்கு 18000. கீழே 36000. விடை 1/2! 30 பாகைக்குப் போட்டாலும் 30 × 150, அதே 4500, அதே 1/2. எல்லாக் கோணத்துக்கும் இவ்வளவு துல்லியமாக வராது. 60 பாகைக்கு 0.8649 வரும், உண்மை மதிப்பு 0.8660. ஆனால் 30க்கும் 150க்கும் ஒரே உயரம் என்பது அந்தச் சூத்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

உன் டேன் −1230°க்கு வருவோம். செக்கைச் சுற்றும் மாட்டை நினைத்துக்கொள். அது எத்தனை சுற்று போனாலும் நிற்கிற இடம்தான் நமக்குத் தேவை. ஒரு சுற்று 360 பாகை. மைனஸ் என்றால் கடிகார முள்ளின் திசையில் சுற்றியது. −1230உடன் நான்கு சுற்று, அதாவது 1440 கூட்டு; 210 வரும். 210 என்பது 180ஐத் தாண்டி 30. ஆகவே புள்ளி இடது கீழ்ப் பகுதியில் இருக்கிறது, கிடைக்கோட்டோடு 30 பாகை சாய்வில். உயரம் 1/2, ஆனால் கீழே, எனவே −1/2. பக்கவாட்டில் √3/2, ஆனால் இடப்பக்கம், எனவே −√3/2. இரண்டு மைனஸும் அடிபட்டு டேன் 1/√3 ஆகிறது. சைன் 200° போன்ற கோணத்துக்கும் இதே பாதைதான்: சாய்வு 20 பாகை, புள்ளி கீழே, எனவே −0.3420. 20 பாகையின் மதிப்புக்கு மட்டும் டேபிளையோ கால்குலேட்டரையோ பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் சறுக்குவது ஓர் இடத்தில்தான். சாய்வை எப்போதும் கிடைக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். 120 பாகையை 90 கூட்டல் 30 என்று பிரிக்கிறாய். நிலைக்குத்துக் கோட்டிலிருந்து அளந்ததால் உயரமும் பக்கவாட்டும் இடம் மாறுகின்றன. 90, 270 வந்தால் சைன் காஸ் ஆகும், காஸ் சைன் ஆகும் என்று அட்டவணை சொல்வது இதைத்தான். தவறில்லை, ஆனால் தேவையில்லாத சுமை. 120ஐ 180 கழித்தல் 60 என்று பார்த்தால் எதுவும் மாறாது. பிளஸ், மைனஸ் குறியை நினைவில் வைக்க 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' என்று சொல்லித் தருகிறார்களே, அதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே இருந்தால் சைன் பிளஸ், வலப்பக்கம் இருந்தால் காஸ் பிளஸ். 90, 270 பாகையில் பக்கவாட்டுத் தூரம் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அதனால் அங்கே டேனுக்கு மதிப்பு இல்லை.

கால்குலேட்டரில் ஒரு எச்சரிக்கை. சைன் 30 போட்டு −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றிக்கொள்.

இவ்வளவு பெரிய கோணங்கள் எதற்கு என்றும் உனக்குத் தோன்றும். உன் வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 சுற்று, அதாவது 18,000 பாகை ஓடுகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் அந்த மின்னழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய +325 வரை ஏறி −325 வரை இறங்குகிறது. சைன் மைனஸாகும் அரைச் சுற்றில் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது. முக்கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

இன்று இரவே அந்த வட்டத்தைப் போடு. அட்டவணையைத் திறக்காமல் சைன் −135°, காஸ் 660°, டேன் 300° மூன்றையும் கண்டுபிடி. விடைகள் முறையே −1/√2, 1/2, −√3.