பர்கண்டி: முதலில் நடை, பிறகு ஒயின்

பிரான்சின் பர்கண்டிக்கு நண்பர்களோடு போகிறீர்களா? மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மக்கோன் நகருக்கு அருகிலுள்ள சொலூத்ரே பாறையின் உயரம் 493 மீட்டர்தான், நிதானமாக ஏறலாம். பிரான்சின் முன்னாள் அதிபர் மித்தெரான் ஆண்டுதோறும் பெந்தகோஸ்தே சமயத்தில் ஏறிய பாறை இது. அடிவாரத் தோட்டங்களில் விளைவது பூயி-ஃபுயிசே என்ற வெள்ளை ஒயின். வியர்வை அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு அதைத் திறப்பது நல்லது. தாகத்துக்கு ஒயின் மருந்தல்ல.

மிக உயர்ந்த தரமான 'கிராண்ட் க்ரூ' புட்டிகளின் விலை தலைசுற்ற வைக்கும். வெறுமனே 'பூர்கோஞ்' (பர்கண்டி) என்று எழுதிய புட்டியே நண்பர்களின் மேசைக்குத் தாராளம். மிச்சமாகும் காசில் நல்ல பாலாடைக்கட்டி வாங்கலாம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பது கோடையில் சரிவராது. பர்கண்டியின் சிவப்பு ஒயினான பினோ நுவார் 15 டிகிரி அளவில்தான் மணக்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளைக்கு 10 முதல் 12 டிகிரி. அதற்கும் கீழே போனால் மணம் ஒளிந்துகொள்ளும்.

ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, காளான், வறுத்த கோழி ஆகியவற்றுக்குச் சிவப்பு. சிப்பிக்கு ஷாப்லி என்ற வெள்ளை ஒயின். ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். மிளகாய்க் காரத்தின் முன் பினோ நுவார் நிற்காது.

ஒயின் சுவைக்கும் இடங்களில் சுவைத்துவிட்டுத் துப்புவது மரியாதைக் குறைவல்ல, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். குடித்த பின் கார் வேண்டாம்; பர்கண்டியின் தீஜோன், போன் நகரங்களுக்கு இடையே ரயில் இருக்கிறது.