கைகாட்டியும் கணிப்பொறியும்

1979-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, போடப்பட்டிருந்தது ஒற்றைப் பாதைதான். குழித்துறையில் ஒரு வண்டி தெற்கு நோக்கிப் புறப்படத் தயாராக நிற்கிறது. இரணியலில் ஒரு வண்டி வடக்கு நோக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். பாதை காலி! இருவரும் புறப்படுகிறார்கள். இதில் யாரும் பொய்யாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கும் புறப்படுவதற்கும் நடுவே இருந்த சிறு இடைவெளிதான் வினை.

இத்தகைய பாதைகளில் இந்திய ரயில்வே நெடுங்காலம் கையாண்ட உபாயம் டோக்கன். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். அவற்றினுள் உலோகப் பந்துகள். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அதை இரு கருவிகளில் ஒன்றில் திரும்பப் போடும்வரை இன்னொரு பந்து வராது. பந்து இல்லாத வண்டி நகரக் கூடாது. வளையத்தில் கோத்த பையை ஓடும் இன்ஜினிலிருந்து கைநீட்டி வாங்குவது ஒரு தனி வித்தை. வீட்டில் ரயில்வேயில் வேலைபார்த்த தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள்!

கணிப்பொறிக்கும் இதே சங்கடம் உண்டு. ஒரு வண்டியில் 40 இடங்கள் மீதி. நாகர்கோவிலில் ஒருவரும் குழித்துறையில் ஒருவரும் டிக்கெட் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்காகவும் கணிப்பொறி செய்வது மூன்று காரியம்: எண்ணைப் படிப்பது, ஒன்றைக் கழிப்பது, விடையை எழுதுவது. இரண்டு பேரும் 40 என்று படித்துவிட்டால் இருவரும் 39 என்று எழுதுவார்கள். விற்றதோ இரண்டு! கடைசியில் ஒரே படுக்கைக்கு இரண்டு பயணிகள் சண்டை போடுவார்கள்.

இந்த ஆறு காரியங்களும் ஒன்றோடொன்று கலந்து நடக்க 20 வழிகள் உண்டு. தாளில் எழுதிப் பாருங்கள். 38 என்ற சரியான விடை வருவது 2 வழிகளில் மட்டுமே. ஒருவர் வேலை முழுதும் முடிந்தபின் மற்றவர் தொடங்கும் வழிகள் அவை. நல்ல வேளையாக, வேலை நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிவதால் பெரும்பாலும் அவ்விரண்டில் ஒன்றே நடக்கும். கெட்ட வேளையும் அதுவேதான்! நூறு தடவை சோதித்தும் பிழை தலைகாட்டாது.

1965-இல் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதற்கு ஒரு வழி எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் செமஃபோர், அதாவது ரயில்பாதைக் கைகாட்டி. எண்ணைத் தொடுமுன் செமஃபோரைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் விட வேண்டும். பிறர் காத்திருக்க வேண்டும். ‘அதையே இருவர் ஒரே கணத்தில் பிடித்தால்?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பார்ப்பதும் பிடிப்பதும் இடையில் பிளக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். இன்றைய கணிப்பொறிகளில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு.

ஆனால் கருவி மட்டும் போதாது. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் அருகே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 17 பேர் மாண்டனர். டோக்கன் கருவிகளில் பழுதில்லை. கடந்து வந்த பிரிவின் டோக்கனே நிலையத்தில் கைமாறி அதே ஓட்டுநரிடம் திரும்பி வந்தது. அதில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை அவர் படிக்கவில்லை. நிரல் எழுதுபவரும் ஓர் எண்ணுக்குரிய செமஃபோரைப் பிடித்துக்கொண்டு வேறோர் எண்ணை மாற்றிவிடலாம். கணிப்பொறி வாய் திறக்காது.

திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை ஒரே டோக்கன் என்று வைத்தால் மோதலே வராது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும்! ஆகவே பாதையைப் பிரிவுகளாக்குகிறோம். அங்கே புதிய சிக்கல் ஒன்று முளைக்கிறது. முதல் பிரிவின் டோக்கனை வைத்திருக்கும் வண்டி இரண்டாவதைக் கேட்கிறது. இரண்டாவதை வைத்திருக்கும் எதிர்வண்டி முதலாவதைக் கேட்கிறது. நடுவிலுள்ள நிலையத்தில் ஒதுங்க இடமில்லை. கையிலுள்ளதை விட இருவருக்கும் வழியில்லை. இதுதான் முட்டுக்கட்டை நிலை. டோக்கன்களை எந்த ஒழுங்கில் கேட்க வேண்டும் என்று விதி வகுத்தால் இது நேராது? அடுத்த இதழ் வருமுன் முயன்று பாருங்கள்.